சமத்துப் பிள்ளை என்று விட்டுவிடாதீர்கள்

ஒன்றேகால் கிலோவில் பிறக்கும் குழந்தையைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. தோலும் விலாவும் மெல்லிய அழுகையும் அது அவசரப்பட்டு வந்துவிட்டது என்று காட்டிக் கொடுத்துவிடும். எங்களை ஏமாற்றுவது 34 வாரம் முடிந்து, 37 வாரம் தொடாமல் பிறக்கும் குழந்தைகள். எடை இரண்டேகால், இரண்டரைக் கிலோ இருக்கும். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கும், தலைமுடியும் நன்றாக இருக்கும். பார்க்க வருகிறவர்கள் "குறைமாசம்னு சொல்லவே முடியலையே" என்பார்கள். கேஸ் ஷீட்டில் நாங்கள் 'லேட் ப்ரீடெர்ம்' என்று எழுதுவோம். பிரசவ அறையிலும் அப்புறம் பச்சிளங்குழந்தைகள் பிரிவிலும் செவிலியராக வேலை பார்த்ததில், என்னை அதிகம் ஓட வைத்தவை இந்தக் குழந்தைகள்தான்.

அந்த ஓட்டம் பெரும்பாலும் பிறந்த நிமிடத்தில் இருக்காது. அப்போது டாக்டர், சிஸ்டர், மயக்க மருந்து டாக்டர் என்று எல்லார் கண்ணும் குழந்தை மேல்தான். அதற்கடுத்த மூன்று நான்கு நாட்களில், எல்லாரும் நிம்மதியாக இருக்கும்போதுதான் வினை வரும். 34 வாரத்தில் மூளையின் எடை நிறைமாதக் குழந்தையினுடையதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். நுரையீரலும் கல்லீரலும் உறிஞ்சும் பலமும் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் 1800 கிராமுக்குக் குறைந்தாலோ, 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ குழந்தையை எஸ்.என்.சி.யு. என்கிற பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பிரிவில் சேர்க்க வேண்டும் என்பது வழிமுறை. அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் குழந்தை, வேறு தொந்தரவு இல்லையென்றால், அம்மாவோடு வார்டுக்குப் போய்விடும். அதுதான் சரி, தாயையும் பிள்ளையையும் காரணமில்லாமல் பிரிக்கக் கூடாது. ஆனால் வார்டில் அந்தக் குழந்தை நிறைமாதக் குழந்தைகளுக்கு நடுவே படுத்திருக்கும். இரவு டியூட்டியில் ஒரு சிஸ்டர் எத்தனை கட்டிலைப் பார்க்க முடியும்? அதனால்தான் இதைக் குடும்பத்தாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தான்.

முதலில் வாரக் கணக்கு. "ஒன்பதாம் மாசம் ஆரம்பிச்சிருச்சு சிஸ்டர்" என்பது எங்களுக்குப் போதாது. கடைசி மாதவிலக்குத் தேதியும் முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனும் வேண்டும். கடைசி மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் குழந்தையின் பருமனை வைத்து வாரம் சொல்வதால், அது முன்னே பின்னே போகும். முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தொலைக்காமல் ஃபைலில் வைத்திருங்கள். நல்ல நேரம், நட்சத்திரம் பார்த்து "ரெண்டு வாரம் முன்னாடியே எடுத்துருங்க டாக்டர்" என்று கேட்கும் வழக்கத்தைப் பற்றி எனக்குத் தயவு தாட்சண்யமே இல்லை. மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனுக்கு 39 வாரம் வரை காத்திருக்க வேண்டும். வலியே வராமல் முன்கூட்டி எடுக்கும் குழந்தையின் நுரையீரலில் நீர் வடியாமல் நின்று மூச்சு இரைக்கும். நல்ல நேரத்தில் பிறந்து வார்மரில், அதாவது சூடு தரும் மேடையில், கிடப்பதில் என்ன லாபம்?

இன்னொரு பக்கம், எட்டாம் மாதக் குழந்தை தங்காது, ஏழாம் மாதம் என்றால்கூடப் பிழைக்கும் என்று ஒரு பேச்சு. கிரேக்க வைத்தியர்கள் காலத்திலேயே இருந்த நம்பிக்கை இது. நிஜம் நேர்மாறானது: வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு நல்லதே. ஆகவே 35 வாரத்தில் வலி வந்துவிட்டால் பதறி அழவும் வேண்டாம், "அதான் எட்டு மாசம் முடிஞ்சிருச்சே" என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம்.

ஒரு பிரசவத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். 35 வாரம், முதல் பிரசவம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியதால் லேபட்டலால் மாத்திரை. வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட் ஊசியும் போயிருந்தது. இந்த இரண்டு மருந்தின் பெயரையும் கேட்டதுமே குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மக்னீசியம் குழந்தையையும் தொய்ந்துபோக வைக்கும். மூச்சும் உறிஞ்சலும் மந்தமாகும். லேபட்டலால் குழந்தையின் ரத்தச் சர்க்கரையை இறக்கும்.

பிரசவத்துக்கு முன் நாங்கள் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் நான்கு. எத்தனை வாரம்? பனிக்குட நீர் தெளிவாக இருக்கிறதா? தாய்க்கு வேறு என்ன பிரச்சினை? தொப்புள் கொடியை எப்போது வெட்டப் போகிறோம்? அப்புறம் அறைச் சூடு. பிரசவ அறை 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும். மே மாதத்தில் கவுனும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வியர்த்து நிற்கும் டாக்டரிடம் ஏசியைக் குறைக்கச் சொல்வது லேசான வேலை இல்லை. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். நனைந்து பிறக்கும் இரண்டு கிலோ உடம்பு சில நிமிடங்களில் சில்லிட்டுப் போகும். சில்லிட்டால் சர்க்கரை இறங்கும், மூச்சு சிரமப்படும். வார்மரை முன்பே போட்டு, அதன் கீழ் இரண்டு துண்டும் ஒரு குல்லாவும் சூடாகக் காத்திருக்க வேண்டும். ஈரமான முதல் துண்டை உடனே எடுத்துப் போட்டுவிட்டு இரண்டாவதில் சுற்ற வேண்டும். அவசரத்தில் பலர் ஈரத் துண்டோடேயே சுற்றிவிடுகிறார்கள்.

மூச்சு கொடுக்கக் கையால் அழுத்தும் பையை, அம்பு பேக்கை, குழந்தை வந்தபிறகு தேடக் கூடாது. மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்தி, பையை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். கையில் காற்றழுத்தம் தெரிகிறதா, வால்வு திறக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். மாஸ்க் தாடை நுனி, வாய், மூக்கு மூன்றையும் மூட வேண்டும். கண்ணில் படக் கூடாது.

குழந்தை அழுதுகொண்டு, கை கால்களை மடக்கி வந்தால் கொடியை வெட்ட அவசரமே இல்லை. ஒரு நிமிடமாவது காத்திருக்கலாம், அம்மா நெஞ்சிலேயே வைத்துத் துடைக்கலாம். நான் சொன்ன அந்த 35 வாரக் குழந்தை அப்படி வரவில்லை. கை கால் தொய்ந்து, மூச்சே எடுக்காமல் வந்தது. வார்மரில் வைத்துத் துடைத்து, தோளுக்கடியில் மடித்த துணி வைத்துத் தலையை நேராக்கி, முதலில் வாயிலும் பிறகு மூக்கிலும் இருந்த சளியை எடுத்து, முதுகை மெதுவாகத் தேய்த்துவிட்டோம். தலைகீழாகப் பிடிப்பது, பிட்டத்தில் அடிப்பது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் காலத்தை வீணாக்கும் வேலைகள். தொண்டைக்குள் குழாயை ஆழமாக விட்டு உறிஞ்சினால் இதயத் துடிப்பு இன்னும் இறங்கும். இவ்வளவுக்கும் மொத்த நேரம் அரை நிமிடம். மூச்சு வரவில்லை என்றால், பிறந்த ஒரு நிமிடத்துக்குள் பை அழுத்த ஆரம்பித்தாக வேண்டும்.

பயிற்சி மருத்துவர் ஒருவர் பையைப் பிடித்தார். அழுத்துகிறார், நெஞ்சு எழும்பவில்லை. பதற்றத்தில் இன்னும் பலமாக அழுத்தினார். இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுவார்கள். பலத்தைக் கூட்டுவது முதல் வேலை இல்லை. மாஸ்க்கை எடுத்துச் சரியாகப் பதிக்க வேண்டும். கழுத்து அளவுக்கு மேல் வளைந்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் சளி இருந்தால் எடுத்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் அழுத்தத்தைக் கூட்டுவது. அன்று சிக்கல் கழுத்தில் இருந்தது, தலை அதிகமாகப் பின்னுக்குச் சாய்ந்திருந்தது. சீனியர் டாக்டர் இரண்டு விரலால் தலையைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்தார், நெஞ்சு எழும்பிவிட்டது. அதன்பிறகு 'ப்ரீத், டூ, த்ரீ' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. நான் ஸ்டெதாஸ்கோப் வைத்து, கேட்கும் துடிப்பை விரலால் மேடையில் தட்டிக்கொண்டிருந்தேன். ஆறு நொடி எண்ணிப் பத்தால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. 70-ல் இருந்த துடிப்பு 100-ஐத் தாண்டியது. குழந்தை முகத்தைச் சுளித்து, ஒரு கேவல் விட்டு, அழுதது.

ஆக்சிஜனைப் பற்றிக் குடும்பத்தார் கட்டாயம் கேட்பார்கள், "ஆக்சிஜன் வெச்சீங்களா?" என்று. 35 வாரமும் அதற்கு மேலும் என்றால் சாதாரணக் காற்றில்தான் ஆரம்பிக்கிறோம். 35-க்குக் கீழே என்றால் 21 முதல் 30 சதவீதம் வரை. ஆரோக்கியமான குழந்தைக்கே முதல் நிமிடத்தில் ஆக்சிஜன் அளவு 60, 65 சதவீதம்தான் இருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் 80, 85 வரும். 85-க்கும் 95-க்கும் நடுவில் வர பத்து நிமிடம் ஆகும். வலது கையில் சென்சார் கட்டி, அந்தக் கணக்கை வைத்துத்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். உதடு கொஞ்சம் நீலமாக இருக்கிறதே என்று 100 சதவீதத்தைத் திறந்துவிடுவது பழைய பழக்கம். நெஞ்சை அழுத்துவது அபூர்வம். நிறைமாதத்திலும் இந்த வாரங்களிலும் பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 4 முதல் 10 பேருக்குப் பை அழுத்த வேண்டியிருக்கும். நெஞ்சு அழுத்தமோ அவசர மருந்தோ ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று பேருக்கு மட்டும். நெஞ்சு எழும்பும்படி 30 நொடி பை அழுத்தியும் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால்தான் அதற்குப் போவோம், மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு.

சரி, குழந்தை அழுதுவிட்டது, எல்லாரும் கை தட்டாத குறை. ஆனால் பை அழுத்த வேண்டியிருந்த குழந்தையை அப்படியே சுற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த பிரசவத்துக்குப் போய்விடக் கூடாது. அடுத்த சில மணி நேரம் மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ண வேண்டும்; பாதி நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது இந்த வயதில் செல்லாது, குழந்தை இடையில் நிறுத்தி நிறுத்தித்தான் மூச்சு விடும். 60-க்கு மேல் போனால், மூக்கு விடைத்தால், விலாவுக்கடியில் குழி விழுந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். முனகலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மூச்சு விடும்போதும் 'ம்ம்... ம்ம்...' என்று வரும். "பாப்பா ஏதோ பேசுது பாருங்க" என்று சிரித்துக்கொண்டே ஒருவர் காட்டியிருக்கிறார். அது பேச்சு இல்லை, சுருங்கப் பார்க்கும் நுரையீரலை விரித்து வைக்க அந்தக் குழந்தை படும் பாடு.

இந்தக் குழந்தை மூச்சில் தொந்தரவு தரவில்லை. அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்து, முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கொடுக்கப் பார்த்தோம். வைட்டமின் கே ஊசி போட்டாயிற்று. சர்க்கரையும் ஆரம்பத்தில் சரியாகவே இருந்தது.

மறுநாள் காலை வார்டில் அப்பத்தா என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "சமத்துப் புள்ளம்மா. ராத்திரி பூராம் ஒரு சத்தமில்ல, தூங்குச்சு."

இந்த 'சமத்து'தான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். நிறைமாதக் குழந்தை பசித்தால் வார்டையே கூட்டும். 35 வாரக் குழந்தைக்குப் பசித்தாலும் அழத் தெம்பு இருக்காது. அழாததால் பால் கிடைக்காது. பால் இல்லாததால் இன்னும் தூங்கும். குதிகாலைக் கொஞ்சம் சூடு பண்ணி, ஓரத்தில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். 38. எங்கள் வார்டில் 45-க்குக் கீழே போனால் சும்மா இருக்க மாட்டோம். நடுக்கம் இல்லை, நிறம் மாறவில்லை, தட்டினால் விழிக்கிறது. அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, பீய்ச்சிய பாலைப் பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தோம். ஏறிவிட்டது. நடுக்கமோ வலிப்போ இருந்திருந்தாலும், அளவு இன்னும் கீழே போயிருந்தாலும் நேராக நரம்பில் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல்தான், கிலோவுக்கு 2 மில்லி. நடுக்கம்தானா என்று தெரிய ஒரு சின்ன வழி: நடுங்கும் கையை மெதுவாகப் பிடியுங்கள். நின்றுவிட்டால் நடுக்கம். பிடித்தும் உதறினால் வலிப்பு. இரண்டிலும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

பிரசவத்துக்கு முன் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளிலும் சர்க்கரை இறங்குவதை எதிர்பார்க்க வேண்டும். 2016-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், 34 முதல் 36 வாரம் வரையிலான தாய்மாருக்கு அந்த ஊசி போட்டதில் குழந்தைகளின் மூச்சுத் தொந்தரவு குறைந்தது. ஆனால் 24 சதவீதக் குழந்தைகளுக்குச் சர்க்கரை இறங்கியது. போடாதவர்களில் அது 15 சதவீதம்.

பால் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வீட்டுக்குப் போன பிறகும் வேலை இதுதான். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய இந்த வாரங்களில்தான் குழந்தை பழகுகிறது. மார்பைப் பிடிக்கும், நாலு இழுப்பு இழுக்கும், தூங்கிவிடும். வாய் அசைகிறதே என்று அம்மா குடித்ததாக நினைத்துக்கொள்வாள். விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். 'க்' என்று மெல்லியதாகக் கேட்கும், தொண்டை அசைவது தெரியும். கேட்காவிட்டால் வெறும் சப்பல்தான்.

அழும்வரை காத்திருக்காமல், இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை, அதிகம் போனால் மூன்று, எழுப்பிக் கொடுக்க வேண்டும், இரவிலும். சுற்றிய துணியை அவிழ்த்து, நெஞ்சோடு வைத்து, பாதத்தை வருடினால் விழிக்கும். குடிக்கும்போது தூங்கினால் மார்பைக் கையால் மெதுவாக அழுத்திப் பால் வாய்க்குள் வரும்படி செய்யுங்கள். அதில் திரும்ப விழுங்க ஆரம்பிக்கும். கொடுத்து முடித்ததும் மீதியைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள். முதல் இரண்டு நாள் சில மில்லிதான் வரும், அதுவே போதும் என்று அம்மாவுக்கு யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "பாலே இல்ல" என்று சுற்றி நிற்பவர்கள் பேசினால் வரும் பாலும் குறைந்துபோகும். பாலாடையில் கொடுக்கும்போது குழந்தை விழித்திருக்க வேண்டும், தலை உயர்ந்திருக்க வேண்டும். உதட்டோரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும்; வாயில் ஊற்றக் கூடாது. சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். அப்பத்தா "நாக்குல ஒரு சொட்டு வைக்கிறதுல என்ன?" என்றார். சடங்கைச் செய்யத்தான் வேண்டும் என்றால் அம்மாவின் சீம்பாலைத் தொட்டு வைக்கச் சொன்னேன், ஒத்துக்கொண்டார். பெரியவர்களோடு சண்டை போட்டு எந்தக் காரியமும் ஆகாது.

உடம்புச் சூட்டுக்கு வீட்டில் தெர்மாமீட்டர்கூட வேண்டாம். புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது. நெஞ்சோடு வைத்துக் கட்டிக்கொள்ளும் கங்காரு முறைதான் இதற்கு வழி. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் எட்கர் ரே என்ற டாக்டர் தொடங்கியது. இப்போது உலக சுகாதார நிறுவனமே குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யச் சொல்கிறது. அப்பாவும் செய்யலாம், சட்டையைக் கழற்றக் கூச்சப்படுவார்கள், அவ்வளவுதான். தொப்புள் கொடி விழும் வரை காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டாம், வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். சாம்பிராணிப் புகையை இந்த நுரையீரலுக்குக் காட்டாதீர்கள்.

மூன்றாம் நாள் குடும்பமே வீட்டுக்குப் போகத் துடித்தது. மஞ்சள் காமாலைக்காக டாக்டர் நிறுத்தி வைத்தார். நிறைமாதக் குழந்தைக்கு மஞ்சள் பெரும்பாலும் மூன்று, நான்காம் நாளில் உச்சம் தொட்டு இறங்கும். இவர்களுக்கு ஐந்து முதல் ஏழாம் நாள் வரை ஏறிக்கொண்டே போகும். வார்டில் இருக்கும்போது லேசாகத் தெரிந்து, வீட்டுக்குப் போன பிறகு கூடுவதுதான் ஆபத்து. கூடிப்போனால் மூளையைத் தொடும், காது கேட்காமல் போகும். மாநிறக் குழந்தையில், அதுவும் வீட்டு பல்பு வெளிச்சத்தில், கண்ணால் பார்த்து அளவு சொல்ல எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். நிறைமாதக் குழந்தையை 'பார்க்கலாம்' என்று விடும் அளவிலேயே 35 வாரக் குழந்தையை மஞ்சளைக் குறைக்கும் விளக்கின் கீழ் வைத்துவிடுவோம். எங்கள் குழந்தை நான்காம் நாள் விளக்குக்குப் போனது. கண்ணைக் கட்டி, டயப்பர் மட்டும் போட்டு, பாலுக்கு மட்டும் வெளியே எடுத்துக் கொடுத்தோம். காலை வெயிலில் காட்டுவது இதற்கு மாற்று இல்லை. வெயிலில் குழந்தைக்குச் சூடோ குளிரோ ஏறுவதுதான் மிச்சம்.

வீட்டுக்கு அனுப்ப நாங்கள் பார்ப்பது: குறைந்தது 48 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், ஒரு முழு நாள் தொடர்ந்து நன்றாகக் குடித்திருக்க வேண்டும், வார்மர் இல்லாமல் 36.5-க்கும் 37.5-க்கும் நடுவில் சூடு நிற்க வேண்டும், எடை பிறந்ததிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருக்கக் கூடாது. போனபிறகு ஒன்று, இரண்டு நாளில் திரும்ப வந்து எடையும் மஞ்சளும் காட்ட வேண்டும். "தீட்டு கழியட்டும், பதினாறு முடிஞ்சு வர்றோம்" என்பதற்கு நான் ஒத்துக்கொள்வதே இல்லை. அதற்குள் மஞ்சள் ஏறி இறங்கியிருக்கும், இல்லை ஏறியே இருக்கும்.

வீட்டில், அடுத்தடுத்து இரண்டு வேளை பால் எழுப்பியும் குடிக்காவிட்டால், உடம்பு சில்லிட்டோ சுட்டோ இருந்தால், மூச்சு இரைத்தால் அல்லது நின்று நின்று வந்தால், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்காலில் தெரிந்தால், ஐந்தாம் நாளுக்கு மேல் நாளைக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போனால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் தூக்காமல், அம்மாவோ அப்பாவோ நெஞ்சோடு கட்டி, மேலே போர்வை போர்த்தி, மூக்கு தெரியும்படி கொண்டு வாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்து வாருங்கள். பிறந்த வாரம், எடை, கடைசியாகப் பார்த்த பிலிருபின் (ரத்தத்தில் மஞ்சள் அளவு) மூன்றும் அதில் இருக்கும். இரவு டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.